கை மரத்துப் போகுதா? ஹேண்டில்பாரைப் பாருங்க!



கியர் சைக்கிளில் வரும்போது சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போகுதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் இறக்கத்தில் பிரேக் பிடித்தேன். பிடித்தேனா இல்லையா என்றே விரலுக்குத் தெரியவில்லை! அன்றுதான் பயம் வந்தது.

காரணம் என்ன?

மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக 'அல்னார்' நரம்பு உள்ளங்கைக்குள் போகிறது. உடம்பின் பாரம் அங்கே அழுத்தினாலோ, மணிக்கட்டு மடங்கியே இருந்தாலோ நரம்பு நசுங்கும். விரல் மரத்துப் போகும்.

என்ன செய்யலாம்?

1. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நாம் முன்னால் சறுக்குவோம். பாரமெல்லாம் கைக்குப் போகும். சீட்டை மட்டமாக வையுங்கள்.

2. ஹேண்டில்பார் தாழ்வாக இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். நடுத்தண்டின் உச்சியில் உள்ள போல்ட்டை எல்-கீயால் தளர்த்தி, மரக்கட்டை வைத்துத் தட்டினால் தண்டு இளகும். தண்டில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியவே கூடாது! வேறு மாதிரி தண்டு என்றால் கடைக்காரரிடம் விடுங்கள்.

3. பிரேக் பிடியைத் திருப்பி வையுங்கள். சீட்டில் உட்கார்ந்து விரலை அதன்மேல் வைத்தால், முழங்கை முதல் விரல் வரை ஒரே நேர்கோடாக இருக்கணும்.

4. எல்லா போல்ட்டையும் இறுக்குங்கள். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டில்பாரைத் திருகிப் பாருங்கள். அசையக் கூடாது.

சீட்டை மட்டமாக்கி, ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை ஏற்றியதும் எனக்குச் சரியாகிவிட்டது. வழியில் அடிக்கடி பிடியை மாற்றி, கையை உதறிக்கொள்வதும் நல்லது. அப்படியும் மரத்துப் போனால் டாக்டரிடம் காட்டுங்க.

விரலுக்கு உணர்வு இருந்தால்தான் பிரேக்குக்கு உயிர்!