சம்மட்டி அடிக்கும் சக்கரங்கள்

கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரெயிலில் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார்: "சார், ஆரணி ஆற்றுப் பாலத்தில் சரக்கு ரெயிலை இழுத்துப் போகும் மின்சார எஞ்சின், சக்கரத்துக்குச் சக்கரம் பழைய நீராவி எஞ்சினைவிடக் கனமாமே! பிறகு பழைய பாலங்களில் நீராவி எஞ்சினை ஏன் அப்படி ஊர்ந்து போகச் சொன்னார்கள்?"

நல்ல கேள்வி. எடையை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது.

முதலில் எடையையே பார்ப்போம். 1947 முதல் நம் அகலப் பாதைகளில் ஓடிய டபிள்யூ.பி. வகை எஞ்சின், கரியும் நீரும் சுமக்கும் டெண்டரோடு சேர்த்து 170 டன்னுக்கு மேல். ஆனால் சிறிய பாலத்தின் ஒரு கண்ணின்மேல் இந்த எடை முழுவதும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை. எத்தனை அச்சுகள் அதன்மேல் நிற்கின்றனவோ, அவற்றின் சுமையைத்தான் அது தாங்குகிறது. எனவே பொறியாளர்கள் கவனிப்பது அச்சுச் சுமையை. டபிள்யூ.பி.யின் இயக்கு அச்சு ஒவ்வொன்றிலும் சுமார் 18½ டன். வலுக் குறைந்த பாதைகளுக்கென வந்த டபிள்யூ.எல். வகையில் சுமார் 17 டன். மீட்டர் பாதையின் ஒய்.பி.யில் ஏறத்தாழ 10½ டன். இன்றைய டபிள்யூ.ஏ.ஜி.9 மின்சார எஞ்சினோ 123 டன். ஆறு அச்சுகளில் பங்கிட்டால் அச்சுக்கு 20½ டன். மாணவர் சொன்னது சரிதான்!

வேறுபாடு சக்கரம் சுழலும்போதுதான் தோன்றுகிறது. நீராவி எஞ்சினின் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுவது. அந்த ஓட்டம் எஞ்சினையே முன்பின்னாக உலுக்கும். அதைத் தணிக்கச் சக்கரத்தில் கூடுதலாக எதிர்எடை வைப்பார்கள். கிடைத் திசையில் உலுக்கல் குறைகிறது. ஆனால் எதிர்எடை வட்டமாகச் சுற்றுகிறதே! அது கீழே வரும்போது தண்டவாளத்தை அழுத்துகிறது; மேலே போகும்போது சக்கரத்தைத் தூக்கப் பார்க்கிறது. செங்குத்துத் திசையில் அதை ஈடுகட்ட எதுவும் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி. சம்மட்டி அடி என்றே பொறியாளர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள்.

அந்த அடி எவ்வளவு? டபிள்யூ.பி.யின் இயக்கு சக்கரத்தின் விட்டம் 1.7 மீட்டர். மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஐந்து முறை சுற்றும். ஒரு பேச்சுக்கு, கூடுதல் எதிர்எடை 100 கிலோ என்றும், மையத்திலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் கொள்வோம். மையவிலக்கு விசை சுமார் 3½ டன் எடைக்குச் சமமாகிறது! இந்த விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைத்தால் அது 350 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். ஊர்ந்து போகச் சொன்னதன் காரணம் இதுதான். மின்சார எஞ்சினில் பிஸ்டன் இல்லை, மோட்டார் சீராகச் சுழல்கிறது, சம்மட்டியும் இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நொடிக்கு இத்தனை அடி என்ற எண், பாலத்தின் இயல்பான அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால் ஒத்ததிர்வு ஏற்பட்டு, அடிக்கு அடி அதிர்வு வளரும். ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுவது போலத்தான். பிரிட்டனில் 1923-இல் அமைந்த பாலத் தகைவுக் குழு, பாலங்களின்மேல் எஞ்சின்களை ஓட்டி இதை அளந்து 1928-இல் அறிக்கை தந்தது.

சம்மட்டி இல்லாத வண்டியும் பாலத்தை அதிரச் செய்யும். இதற்காக நிலை எடையோடு ஒரு பங்கைக் கூட்ட வேண்டும் என்கின்றன இந்திய ரெயில்வேயின் பால விதிகள். கண்ணின் நீளத்தோடு (மீட்டரில்) 6-ஐக் கூட்டி, அதனால் 8-ஐ வகுத்து, 0.15-ஐச் சேர்த்தால் அந்தப் பங்கு கிடைக்கும். 60 மீட்டர் கண்ணுக்கு 0.27, 12 மீட்டர் கண்ணுக்கு 0.59. கண் சிறுத்தால் அதிர்ச்சி பெருகுகிறது!

1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் நினைவுக்கு வருகிறதா? நடுவில் கப்பலுக்காகத் திறக்கும் பகுதி நீங்கலாக அதில் 145 கண்கள். ஒவ்வொன்றும் சுமார் 12 மீட்டர்தான். போதாததற்குக் கடல் உப்பு இரும்பை அரிக்கும். மீட்டர் பாதையாக இருந்த அது வலுப்படுத்தப்பட்டு 2007-இல் அகலப் பாதையானது. அப்போதும் ரெயில்கள் சைக்கிள் வேகத்தில்தான் கடந்தன. 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கப்பட்டது.

உங்கள் ஊர் ரெயில் பாலத்தின் ஒரு கண் எத்தனை மீட்டர் இருக்கும்? தண்டவாளத்தில் ஏறாமல், கரையில் நின்றே மதிப்பிட்டுக் கணக்கிடுங்கள். 3 மீட்டர் மதகு என்றால் விடை ஒன்றைத் தாண்டிவிடும். ஒன்றுக்கு மேல் கொள்ளத் தேவையில்லை என்கிறது விதி. அதாவது, அந்தச் சின்ன மதகு வண்டியின் எடையைப் போல இருமடங்கு தாங்குமாறு கட்டப்பட வேண்டும்.