பீரங்கி ஓய்ந்தது, தறி ஒலிக்கிறது! ஆரணி ஊரின் கதை

ஆரணி என்றதும் நம் நினைவுக்கு வருவது பட்டுச் சேலை. அடுத்து வருவது அரிசி. ஆனால், அந்த ஊரில் ஒரு காலத்தில் பீரங்கிகள் முழங்கின. ராபர்ட் கிளைவ் அங்கே போரிட்டார். ஐதர் அலியும் அங்கே போரிட்டார்!

அந்தப் படைகள் போய்விட்டன. கோட்டையின் காலமும் போய்விட்டது. ஆனால், நெசவாளர் தெருவில் தறிச் சத்தம் இன்றும் கேட்கிறது.

ஆறு தந்த அழகு

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. வேலூரிலிருந்து சுமார் 40 கிலோ மீட்டர் தூரம். ரெயிலில் வருகிறவர்கள் "ஆரணி ரோடு" நிலையத்தில் இறங்க வேண்டும். அந்த நிலையம் ஆரணியில் இல்லை. ஊரிலிருந்து தள்ளி, களம்பூர்ப் பக்கம் இருக்கிறது!

ஊரை ஒட்டி ஓடுவது கமண்டல நாகநதி. கமண்டல நதி, நாகநதி என்ற இரண்டும் கூடி ஒன்றான ஆறு இது. இது செய்யாற்றில் சேருகிறது. செய்யாறு பாலாற்றில் சேருகிறது. ஆறு, ஊருக்கு அணியாக, அதாவது நகையாக இருப்பதால்தான் "ஆரணி" என்ற பெயர் வந்தது என்று ஊரார் சொல்வார்கள்.

ஆற்றங்கரையில் புத்திரகாமேட்டீசுவரர் கோவில் இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டித் தசரத மன்னன் யாகம் செய்த இடம் அதுதான் என்பது தல புராணம். இன்றும் குழந்தை வேண்டித் தம்பதிகள் அங்கே வருகிறார்கள்.

ஜாகீர் வந்த கதை

17-ம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் படை தெற்கே வந்தது. படையை நடத்தியவர்களில் ஒருவர் சத்ரபதி சிவாஜியின் தந்தை ஷாஜி. அவருடன் வந்த வேதாஜி பாஸ்கர பந்த் என்பவருக்கு ஆரணிப் பகுதி ஜாகீராகக் கிடைத்தது. அதாவது, அந்தக் கிராமங்களின் வரி வருமானம் அவருக்குச் சொந்தம். அவருடைய பரம்பரை பல தலைமுறைகள் ஆரணியில் செல்வாக்கோடு இருந்தது.

அவர்கள் காலத்தை நினைவூட்டும் இரண்டு மாளிகைகள் ஊருக்கு அருகில் உள்ளன. ஒன்று சத்திய விஜய நகரத்தில் இருக்கிறது. மற்றொன்று பூசிமலைக்குப்பத்தில் இருக்கிறது. பூசிமலைக்குப்பம் மாளிகை ஐரோப்பியப் பாணியில் கட்டப்பட்டது. "கண்ணாடி மாளிகை" என்பார்கள். அந்தக் கட்டிடம் இன்று பாழடைந்து கிடக்கிறது.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜாகீர்களின் காலமும் முடிந்தது.

இரண்டு போர்கள்

1751-ல் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டி நடந்தது. ஒரு பக்கம் முகமது அலி. அவருக்குத் துணை ஆங்கிலேயர். மறுபக்கம் சந்தா சாகிப். அவருக்குத் துணை பிரெஞ்சுக்காரர். ஆற்காட்டுக் கோட்டையில் முற்றுகையைத் தாங்கி நின்ற கிளைவ், முற்றுகை கலைந்ததும் எதிரியைத் துரத்தினார். டிசம்பர் 3-ந் தேதி ஆரணி அருகே இரு படைகளும் மோதின. நெல் வயல்களும் தோப்பும்தான் போர்க்களம்! சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பின் படையும் பிரெஞ்சுப் படையும் தோற்றுப் பின்வாங்கின.

அடுத்த போர் 1782 ஜூன் 2-ந் தேதி நடந்தது. ஐதர் அலியின் போர்ச் சாமான்கள் ஆரணிக் கோட்டையில் இருந்தன. அதைப் பிடிக்க ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் வந்தார். போர்க்களம் அவர் கையில் மிஞ்சியது. கோட்டை மட்டும் கிடைக்கவில்லை! அதே ஆண்டு டிசம்பரில் ஐதர் அலி காலமானார்.

இன்று கோட்டைப் பகுதியில் கைலாசநாதர் கோவில் இருக்கிறது. 1790-ல் இறந்த கர்னல் கெல்லி என்ற ஆங்கிலேயத் தளபதிக்கு எழுப்பிய உயரமான நினைவுத் தூணும் இருக்கிறது.

தங்கிவிட்ட பிரெஞ்சுக்காரர்!

போரில் தோற்ற பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். ஆனால், ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர் மட்டும் ஆரணி வீடுகளில் தங்கிவிட்டது. அவர்தான் ஜக்கார்டு! லியோன் நகரத்தைச் சேர்ந்த அவர், 1804-ல் ஒரு தறிக் கருவியை அமைத்தார். துளையிட்ட அட்டைகள் வரிசையாக வரும். எந்த இழை மேலே எழ வேண்டும் என்று அந்தத் துளைகளே முடிவு செய்யும். மயிலும் மாங்காயும் சேலையில் விழுவது இப்படித்தான். பிற்காலத்தில் கணக்கிடும் இயந்திரங்களுக்கும் இந்தத் துளை அட்டை வழிகாட்டியது.

கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. பட்டை முறுக்கி, சோப்பு நீரில் வேகவைத்துப் பசை நீக்கி, சாயம் ஏற்றுவார்கள். நீளவாட்டில் ஓடும் இழை பாவு. குறுக்கே ஓடும் இழை ஊடை. ஒரு பாவு தீர்ந்ததும், பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையை விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்! அப்பா தறியில் உட்கார்ந்தால், அம்மா தார் சுற்றுவார். பாட்டி இழை பிரிப்பார். ஒரு சேலையில் ஒரு குடும்பமே இருக்கிறது.

காஞ்சிபுரம் சேலையை விட ஆரணிச் சேலை பொதுவாக எடை குறைவு. கட்ட இலகு, விலையும் கைக்கு எட்டும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

தறி நிற்குமா?

ஆனால், ஒரு கவலை. விசைத்தறியில் வேகமாக நெய்த சேலையும், கலப்பு நூல் சேலையும் "பட்டு" என்ற பெயரில் கடைக்கு வருகின்றன. அந்த விலைக்குக் கைத்தறியால் ஈடு கொடுக்க முடிவதில்லை. நெசவாளியின் பிள்ளை செய்யாறு சிப்காட் தொழிற்சாலைக்குப் போகிறான். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை. அவனைக் குறை சொல்ல முடியுமா? ஆனால், அவன் எழுந்துபோன தறியில் உட்கார அடுத்த ஆள் வேண்டுமே!

சேலை வாங்குகிறவர்கள் இரண்டு அடையாளங்களைப் பார்க்கலாம். "சில்க் மார்க்" இருந்தால் அது அசல் பட்டு. "கைத்தறி முத்திரை" இருந்தால் அது கையால் நெய்தது. இரண்டும் வேறு வேறு, இரண்டையும் கேளுங்கள். வீட்டில் சோதிப்பதானால், முந்தானை ஓரத்து இழை ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். பட்டானால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் பொடியாகும். செயற்கை நூலானால் உருகிக் கட்டியாகும்.

ஆரணிக் கோட்டையைக் காக்க ராஜாக்கள் பீரங்கி வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. ஆரணித் தறியைக் காக்கப் பீரங்கி வேண்டாம். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போகும்போது, "இது கைத்தறியா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்!