ஆய்வாளர் அருகில் ஒரு கலைஞர்

ஜனநாயகத்துக்கு நேர்ந்திருக்கும் சோர்வைப் பற்றிய நூல்களுக்கும் அறிக்கைகளுக்கும் இன்று பஞ்சமில்லை. வாக்குச் சாவடிக்கு வருவோர் எத்தனை பேர், சட்டசபைமீது நம்பிக்கை இழந்தோர் எத்தனை சதவீதம், மாற்றுக் கட்சிக்காரரோடு சம்பந்தம் செய்ய மனமில்லாதோர் எத்தனை பேர் என்றெல்லாம் சர்வகலாசாலை அறிஞர்கள் ஆண்டுதோறும் கணக்கெடுத்துச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில், பண்டை ஏதென்ஸ் மக்கள் கூடி விவாதித்த 'அகோரா'வின் பெயரைச் சூடி, 15 கோடி டாலர் நன்கொடையோடு 2017-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு ஸ்தாபனம் அறிவிக்கப்பட்டது ஒன்றே இந்தக் கவலையின் கனத்தைக் காட்டும். எழுத்தாளர், நாடகக்காரர், ஓவியர், இசைவாணர் முதலியோரைச் சில மாதங்களோ ஓராண்டோ தங்களோடு தங்கவைத்து, ஆய்வாளரோடு சேர்ந்து ஜனநாயகத்தின் இடர்ப்பாடுகளை ஆராயும்படி கேட்டுக்கொள்ளும் வழக்கமும் ஆய்வகங்களிலும் நகராட்சிகளிலும் பரவிவருகிறது.

இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் கலைஞரை அழைத்துவந்து, கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டுவதுபோல் நிறுத்திவைத்துவிட்டு, உள்ளே நடக்கிற காரியங்கள் யாவும் பழையபடியே நடந்துகொண்டிருக்குமானால், அந்த அழைப்பினால் கலைக்கும் பயனில்லை, ஜனநாயகத்துக்கும் பயனில்லை. கலைஞர் என்ன செய்யப்போகிறார் என்பதைவிட, அவர் கண்டு வந்து சொல்வதைக் கேட்டு நடக்க அழைத்தவர்கள் சித்தமாக இருக்கிறார்களா என்பதுதான் பெரிய கேள்வி. இதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அநுபவம் சாட்சியாக இருக்கிறது.

1966-ஆம் ஆண்டில் லண்டனில் பார்பரா ஸ்டெவினி என்ற பெண்மணியும் அவருடைய கணவரான ஜான் லேதம் என்ற கலைஞரும் நண்பர்கள் சிலரும் கூடி 'ஆர்ட்டிஸ்ட் பிளேஸ்மென்ட் குரூப்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். நண்பர்களுடைய கலைப்படைப்புகளுக்கு வேண்டிய கழிவுப் பொருள்களைத் தேடி நகரத்துக்கு வெளியே இருந்த தொழிற்பேட்டை ஒன்றுக்குப் போயிருந்த ஸ்டெவினிக்கு, ஆலை வாசலில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு திரும்புவதைவிடக் கலைஞர் அந்த ஆலைக்குள்ளேயே இருந்தால் என்ன என்ற எண்ணம் உதித்ததாம். அந்த எண்ணத்தை அவர் விடவில்லை. ஆலை முதலாளிகளுக்கும் அரசாங்க இலாகாத் தலைவர்களுக்கும் சலியாமல் கடிதம் எழுதினார். நேரில் போய் வாதாடினார். கலைஞருக்குச் சம்பளத்தை அழைக்கும் ஸ்தாபனமே தரவேண்டும். ஆனால் இன்ன சிலையைச் செய், இன்ன படத்தை வரை என்று அவருக்கு உத்தரவிடக் கூடாது. முதற்சில வாரங்கள் அவர் சுற்றிப் பார்ப்பதும் பேசுவதுமாக இருப்பார். முடிவில் கையில் எடுத்துக் காட்டத்தக்க பொருள் ஒன்றும் உண்டாகாமலே போனாலும் குறை சொல்லலாகாது. ஒரு படைப்பில் சரிபாதி அது பிறக்கும் சூழ்நிலையே என்பது அவர்களுடைய சித்தாந்தம். இந்த நிபந்தனைகளை ஏற்று, 1972-இல் பிரிட்டிஷ் சிவில் சர்வீஸ் இலாகா மற்ற இலாகாக்களுக்கு ஒரு சுற்றறிக்கையே அனுப்பியது என்றால், அந்தப் பெண்மணியின் விடாமுயற்சியை என்னென்பது! அதே சமயத்தில், இவர்கள் கலையைவிடச் சமுதாயத்தைத் திருத்தி அமைப்பதிலேயே அதிக நாட்டம் கொண்டிருக்கிறார்கள் என்று காரணம் காட்டி, கலைகளை ஆதரிப்பதற்கென்றே ஏற்பட்ட ஆர்ட்ஸ் கவுன்சில் தன் மானியத்தை நிறுத்திக்கொண்டது.

ஆலைகளில் நடந்த முயற்சிகளில் ஒன்றைமட்டும் சொல்கிறேன். 1970-இல் ஸ்டூவர்ட் பிரிஸ்லி என்ற கலைஞர் ஹில்லே என்னும் நாற்காலிக் கம்பெனியின் ஆலைக்குப் போய், தொழிலாளரோடு தொழிலாளராகப் பழகினார். மெருகேற்றும் இயந்திரங்களுக்கு என்ன வர்ணம் பூசலாம் என்று அவற்றில் வேலைசெய்பவர்களையே கேட்டார். அவர்கள் தங்கள் அபிமானக் கால்பந்துக் குழுக்களின் வர்ணங்களைச் சொன்னார்கள்; அப்படியே பூசப்பட்டது. ஓர் இயந்திரத்தின் நிறம் அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நாளெல்லாம் அதன் முன்னால் நிற்கிற மனிதனிடம் அதைப் பற்றி ஒருவர் வந்து அபிப்பிராயம் கேட்பது அற்ப விஷயமன்று. நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் நடுவே தாம் அகப்பட்டுக்கொண்டதாகப் பிரிஸ்லி பிற்பாடு மனக்குறையோடு பேசியதும் உண்மை. சம்பளம் தருபவர் ஒருவர், நம்பிப் பேசுபவர் மற்றொருவர் என்ற இந்த இக்கட்டு, இன்றைக்கு ஆய்வகங்களுக்குப் போகும் கலைஞரையும் விடாமல் தொடர்கிறது.

ஆய்வாளரும் கலைஞரும் உண்மையாகவே அருகருகே நின்றது பர்மிங்ஹாம் நகரத்தில் ஸ்மால் ஹீத் என்ற ஏழைப் பேட்டையில்தான். நகரங்களின் உட்பகுதிகள் ஏன் நலிகின்றன என்று கண்டறிவதற்காகப் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் இலாகா 1972-இல் லிவர்பூல், லண்டனின் லாம்பெத், பர்மிங்ஹாம் ஆகிய மூன்று இடங்களில் பெரிய ஆய்வுகளைத் தொடங்கிற்று. நகரமைப்பு நிபுணர்கள் வீடுகளையும் வருமானத்தையும் கணக்கிட்டுக்கொண்டிருந்த அந்தப் பேட்டைக்கு, 1975-இல் அதே இலாகாவின் சார்பில் ரோஜர் கவர்ட் என்ற கலைஞர் சகாக்களோடு போய்ச் சேர்ந்தார். அவர் வினாத்தாள் எதுவும் நீட்டவில்லை. அங்கே குடியிருந்தவர்களின் கதைகளைக் கேட்டு வீடியோவில் பதிவுசெய்தார். அவர்களையே நடிக்கவைத்துத் திரைப்படம் எடுத்தார். நிபுணர் கேட்கிற கேள்விக்கு வீட்டுக்காரர் பதில் சொல்லும்போது, கேள்வியின் எல்லைக்குள்தான் பதிலும் நின்றுகொள்ளும். தம் கதையைத் தாமே நடித்துக் காட்டும்போதோ, எதை முதலில் சொல்வது, எதைப் பெரிதாகக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் வீட்டுக்காரரிடம் வந்துவிடுகிறது. ஜனநாயகத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் இருத்திக்கொண்டால்கூடப் போதும், கலைஞரை அழைத்த செலவு வீண்போகாது.

கேட்பதற்குச் சித்தமில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் அதே சங்கத்தின் சரித்திரத்தில் உதாரணம் இருக்கிறது. இயான் பிரேக்வெல் என்ற ஓவியரும் எழுத்தாளருமானவர் 1976-இல் சுகாதார, சமூகப் பாதுகாப்பு இலாகாவில் அமர்த்தப்பட்டார். குற்றம் புரிந்த மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த பிராட்மூர், ராம்ப்டன் என்ற இரண்டு காவல் மருத்துவமனைகளையும், இலாகாவின் கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து அவர் பார்வையிட்டார். நாள்தோறும் கண்டதைக் குறித்துவைப்பது அவருடைய வழக்கம். அந்தப் பழகிய கண்ணுக்கு, அதிகாரிகளின் அறிக்கையில் இடம்பெறாத கொடுமைகள் தென்பட்டன. அவர் சேர்ந்து தயாரித்த அறிக்கை வெளிவரவில்லை. அரசாங்க ரகசியச் சட்டத்தின் நிழல் அதன்மீது விழுந்துவிட்டது. மதில்களுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை யார்க்ஷயர் டெலிவிஷன் 1979-இல் ஒரு செய்திப்படத்தின் மூலம் அம்பலப்படுத்தியபோதுதான் தேசம் திடுக்கிட்டது; அந்தப் படத்துக்குப் பிரேக்வெல்லும் உதவினார். அதன் பிறகே ராம்ப்டனைப் பற்றி அரசாங்கம் விசாரணை நடத்திற்று. இடைப்பட்ட காலத்தில் அந்த வார்டுகளில் கிடந்தவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பார்த்ததை எழுதியும் கொடுத்திருந்தார். படிக்க வேண்டியவர்கள் அதைப் பூட்டிவைத்தார்கள். ஆகையால், இன்று கலைஞரை அழைக்கிற எந்த ஸ்தாபனமும், அவர் எழுதித் தருவது பொதுமக்கள் பார்வைக்கு வரும் என்றும், அதற்கு இத்தனை மாதங்களுக்குள் எழுத்துமூலம் பதில் தருவோம் என்றும் முதல் ஒப்பந்தத்திலேயே கையெழுத்திட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். மற்ற ஷரத்துக்களெல்லாம் இதற்குப் பிற்பாடுதான்.

லேதமும் இப்படி ஸ்காட்லாந்து அரசாங்க அலுவலகத்தில் 1975-76-இல் பணியாற்றினார். பாறையிலிருந்து எண்ணெய் வடித்த காலத்தில் மிஞ்சிப்போன செந்நிறக் கழிவு மலைகளை என்ன செய்வது என்று அதிகாரிகள் விழித்துக்கொண்டிருந்தபோது, அவற்றை அப்புறப்படுத்தாமல், உழைத்த மக்களின் நினைவுச் சின்னங்களாகவே போற்றுங்கள் என்றார். அவற்றுள் 'ஐந்து சகோதரிகள்' எனப்படும் குன்றுகள் பிற்காலத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னமாயின.

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் நியூயார்க் நகரத்தில் நடந்தது இன்னும் நெஞ்சைத் தொடுவது. 1975-இல் அந்த மாநகரம் திவாலாகும் நிலைக்கு வந்தது. துப்புரவுத் தொழிலாளர் பலர் வேலை இழந்தார்கள். எஞ்சியோர் ஊராரின் ஏச்சுக்கு ஆளானார்கள். இந்தச் சூழ்நிலையில்தான் மியர்ல் லாடர்மன் யூகிலீஸ் என்ற பெண் கலைஞர் 1977-இல் நகரத் துப்புரவு இலாகாவுக்குச் சம்பளமில்லாத உறைவிடக் கலைஞராக வந்து சேர்ந்தார். குழந்தை பெற்ற பின், துடைப்பதும் துலக்குவதும் துவைப்பதுமாகத் தம் பொழுது கழிவதைக் கண்டு, இந்தப் பராமரிப்பு வேலையே கலைதான் என்று 1969-இல் ஓர் அறிக்கை வெளியிட்டவர் அவர். 1979-இல் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நகரத்தின் 59 வட்டாரங்களுக்கும் சென்று, 8,500 துப்புரவுத் தொழிலாளர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி, இந்த நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்காக அவர்களுக்கு நன்றி சொன்னார். விடியற்காலை ஆஜர் எடுக்கும் கொட்டடியில் அவர்களோடு நின்றார். லாரியின் பின்னால் நடந்தார். நடைபாதை ஓரத்தில் அவர்களோடு உட்கார்ந்து மத்தியான உணவு உண்டார்.

அந்தச் சந்திப்புகளில் ஒரு தொழிலாளி சொன்ன சம்பவம் இது. பல வருஷங்களுக்கு முன் கடும் வெயில் நாளொன்றில், குப்பை ஏற்றிக் களைத்துப்போய் அவரும் துணையாளும் ஒரு வீட்டுப் படியில் சற்றே உட்கார்ந்தபோது, வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, நாற்றம் பிடித்த குப்பைக்காரர்களே, என் வாசலை நாறடிக்காமல் எழுந்து போங்கள் என்று விரட்டினாளாம். பதினேழு வருஷங்களாக அது தம் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது என்றும், இந்தக் கைகுலுக்கலில்தான் அது நீங்கிற்று என்றும் அவர் சொன்னார். யூகிலீஸ் அதை அத்தோடு விடவில்லை. தொழிலாளர்கள் கேட்டிருந்த வசைச் சொற்களையெல்லாம் 1984-இல் ஒரு கலைக்கூடத்தின் முகப்புக் கண்ணாடியில் எழுதிவைத்து, நகரத்துப் பிரமுகர்களும் பொதுமக்களுமாக வந்து அவற்றைக் கழுவித் துடைக்கும்படி செய்தார். பிரஜை என்ற சொல்லுக்கு அரசியல் சட்டம் எத்தனை உரிமைகளை எழுதிவைத்தாலும், ஒரு வாசற்படியில் இரண்டு நிமிஷம் உட்காரும் மரியாதை கிடைக்காதவனுக்கு அந்த உரிமைகள் காகிதத்தில்தான் இருக்கின்றன. எந்தக் கருத்துக் கணிப்பும் அந்த மனிதனிடம் வந்து வாசற்படியைப் பற்றிக் கேட்டிராது. யூகிலீஸ் வகுத்த இந்த வழியை முன்மாதிரியாகக் கொண்டு, நியூயார்க் நகராட்சி 2015-இல் பல இலாகாக்களில் கலைஞரை அமர்த்தும் திட்டத்தை முறைப்படி ஏற்படுத்திக்கொண்டது.

இவை எல்லாவற்றிலும் கலைஞர் விருந்தாளிதான். கேட்பதும் கேளாமல் விடுவதும் வீட்டுக்காரர் சித்தம். இந்தத் தடையைத் தாண்டியவர் என்று நான் கருதுவது பிரேஸில் தேசத்து நாடகாசிரியர் அகஸ்டோ போவாலை. ராணுவ ஆட்சியில் 1971-இல் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளானவர். பின்பு அர்ஜென்டினாவிலும் பாரிஸிலும் பல வருஷங்கள் வாழ்ந்து 1986-இல் தாய்நாடு திரும்பியவர். அவருடைய நாடகத்தில் பார்வையாளர் வாய்மூடி உட்கார்ந்திருப்பதில்லை. அநியாயம் ஒன்று மேடையில் நடக்கும். அதே காட்சி மறுபடி தொடங்கும்போது, பார்ப்பவர்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து 'நிறுத்து' என்று சொல்லி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் தாமே நின்று, தாம் நினைக்கும் பரிகாரத்தை நடித்துப் பார்க்கலாம். இந்த முறையோடு 1992-இல் அவர் ரியோ டி ஜெனிரோ நகரசபைத் தேர்தலில் நின்றார், வென்றார். உறுப்பினருக்குரிய உதவியாளர் பதவிகளுக்குத் தம் நாடகக் குழுவினரை நியமித்துக்கொண்டு, 1993 முதல் 1996 வரை நான்கு ஆண்டுகள் சேரிகளிலும் தொழிற்சங்கங்களிலும் முதியோர் நடுவிலும் மாற்றுத்திறனாளிகள் நடுவிலும் நாடகக் குழுக்களை உண்டாக்கினார்.

அந்தக் குழுக்களில் கண்பார்வையற்றவர்கள் ஒரு கஷ்டத்தை நடித்துக் காட்டினார்கள். ரியோ வீதிகளிலிருந்த பொதுத் தொலைபேசிகளின்மேல் முட்டை ஓடு போன்ற பெரிய கவிகை பக்கவாட்டில் நீண்டிருக்கும். அதைத் தாங்கும் கம்பமோ மெல்லியது. தரையைத் தடவிவரும் கைத்தடிக்கு வழி காலியாகத்தான் தெரியும். அடுத்த அடி வைத்ததும் நெற்றி போய்க் கவிகையில் மோதும். கண்ணுள்ள எந்தப் பொறியாளருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. அத்தகைய பொருள்களின் கீழே கைத்தடிக்குத் தட்டுப்படும்படி தரையை உயர்த்திக் கட்டவேண்டும் என்று மசோதா எழுதப்பட்டது. மேடையில் எழுந்த பரிகாரங்களைக் குறித்துக்கொண்டு, சட்ட பாஷையில் வடித்து, எது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது, எதற்குப் புதிதாக வேண்டும் என்று ஆராய்வதற்காகப் போவாலுடைய அலுவலகத்தில் வழக்கறிஞரும் நாடகக்காரரும் ஒன்றாக அமர்ந்த குழு ஒன்று இருந்தது; ஆய்வாளரும் கலைஞரும் ஒரே மேஜையில் உட்கார்வது என்றால் இதுதான். நகராட்சி மருத்துவமனைகளில் முதியோர் மருத்துவம் கற்ற வைத்தியர் இருக்கவேண்டும் என்பதும், குற்றங்களுக்குச் சாட்சி சொல்வோருக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டும் என்பதும் இப்படியே நாடகத்திலிருந்து நகரசபைக்குச் சென்றவை. மொத்தம் 13 சட்டங்கள் நிறைவேறின.

1996-இல் போவால் மறுபடி நின்று தோற்றார். பதவியோடு உதவியாளர் சம்பளங்களும் போயின. குழுக்களில் பல கலைந்தன. ஒரு நகரசபை உறுப்பினரின் நான்கு ஆண்டுப் பதவியை நம்பியிருந்த ஏற்பாட்டுக்கு அவ்வளவுதான் ஆயுள் என்பதை அவர் அறிந்தே இருந்தார். எஞ்சியவர்களைக் கூட்டிக்கொண்டு சிறைச்சாலைகளுக்கும் மனநல நிலையங்களுக்கும் போய், 'நிறுத்து' என்று எழுந்து சொல்லும் அதே பயிற்சியை, 2009-ஆம் ஆண்டு மே மாதம் தாம் கண்மூடும் காலம்வரை நடத்திவந்தார்.