கோட்கர் மலைச் சாலை

மலை நாட்டுக்குப் பிரயாணம் செய்வோரிற் பலர் மலையைப் பார்ப்பதில்லை. இரவு தங்கப் போகும் விடுதியையே நினைத்துக்கொண்டு வண்டியை விரட்டுகிறார்கள். சாலை என்பது ஜனங்களின் சரித்திரம் மண்ணில் எழுதப்பட்ட ஏடு. அதை ஆற அமரப் படிப்பவனுக்கே பொருள் விளங்கும். ஸிம்லாவிலிருந்து கோட்கர் ஏறக்குறைய 50 மைல். மோட்டார் அரைப் பகலில் கடந்துவிடும் இவ்வழிக்கு, சென்ற ஆவணி மாதக் கடைசியில் நாம் மூன்று தினங்கள் எடுத்துக்கொண்டோம். அதைப் பற்றி நாம் சிறிதும் வருந்தவில்லை.

ஸிம்லா 1864 முதல் பிரிட்டிஷ் சர்க்காரின் கோடைகால ராஜதானியாக இருந்த நகரம். வைஸ்ராய்கள் வசித்த மாளிகையில் 1965 முதல் கல்விமான்கள் ஆராய்ச்சி செய்கின்றனர். நகரத்தின் சந்தடி நீங்கியதும் சாலை தேவதாரு மரங்களின் நிழலுக்குள் புகுந்து, குப்ரி, தியோக், மட்டியானா என்னும் ஊர்களைத் தாண்டி மேலேறுகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். வளைவுக்கு வளைவு மேகம் வந்து வழியை மறைப்பதும், அடுத்த கணம் விலகுவதுமாக இருந்தது. தியோக்கைத் தாண்டியபின் காட்சி மாறிற்று. மலைச் சரிவுகளில் வெள்ளைத் துணி உலர்த்தியதுபோல் வலைகள் விரிந்திருந்தன. கல்மழையிலிருந்து ஆப்பிள் மரங்களைக் காக்கும் வலைகள் அவை. சாலை ஓரமெங்கும் அட்டைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. லாரிகள் வரிசையாக நின்றன. காற்றிலேயே பழ வாசனை.

இச்சாலையின் பழைய பெயர் ஹிந்துஸ்தான்–திபெத் ரஸ்தா. டல்ஹௌஸி பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது 1850-இல் தொடங்கப்பட்டது. இதை வெட்டியவர்களில் பலர் மலை ராஜாக்களால் பிடித்து அனுப்பப்பட்ட குடியானவர்கள். நமது நாட்டில் 'வெட்டி' என்று வழங்கிய கூலியில்லா வேலைக்கு அங்கே 'பேகார்' என்று பெயர். சாலை முடிந்த பின்னும் அத்துன்பம் முடியவில்லை. துரைமார் வேட்டைக்கோ உலாவுவதற்கோ புறப்பட்டால், அவர்களுடைய கூடாரங்களையும் பெட்டிகளையும் ஒரு தங்கலிலிருந்து மறு தங்கல் வரையில் கிராமத்தார் சுமக்க வேண்டும். தன் வயலில் பயிர் முற்றி உதிர்ந்தாலும், உத்தரவு வந்தால் குடியானவன் போயே தீரவேண்டும். நாம் மெத்தையிட்ட வண்டியில் சாய்ந்து செல்லும் வழி, அவர்கள் முதுகு வளைந்து நடந்த வழி என்பதை நினைத்தபோது, வண்டியை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடக்கத் தோன்றிற்று, நடந்தோம்.

சுமார் 9,000 அடி உயரமுள்ள நார்கண்டாவில் ஒரு நாள் தங்கினோம். அங்கிருந்து சாலையொன்று பிரிந்து, தானேதார், கோட்கர் கிராமங்களுக்கு இறங்குகிறது. கீழே வெகு ஆழத்தில் சட்லெஜ் நதி வெள்ளிக் கம்பிபோல் தெரிந்தது. இவ்விடத்தில்தான் ஓர் அமெரிக்கர் நமது தேசத்தவராக மாறினார்.

ஸாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ் 1882-இல் பிலடெல்பியாவில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 1904-இல் குஷ்டரோகிகளுக்குத் தொண்டு செய்யும் பொருட்டு இந்தியா வந்தார்; பின்னர் கோட்கரில் நிலம் வாங்கி, மலைநாட்டுப் பெண்ணை மணந்து, குடியானவராகவே வாழலானார். பேகார் கொடுமையைக் கண்ணாரக் கண்டு, கிராமத்தாரைத் திரட்டிப் போராடினார். 1921-இல் சர்க்கார் இணங்கி அவ்வழக்கத்தை நிறுத்தவேண்டியதாயிற்று. காங்கிரஸில் சேர்ந்து கதர் தரித்தார். அவ்வாண்டு டிஸம்பரில் ராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு ஆறு மாதச் சிறைவாசம் பெற்றார். 1932-இல் ஹிந்து மதத்தைத் தழுவி ஸத்யானந்தர் என்று பெயர் பூண்டார். 1946-இல், சுதந்திர தினத்தைக் காணாமலே காலமானார்.

இவர் செய்த மற்றொரு காரியத்தின் பலனை இன்று மலை முழுவதிலும் காண்கிறோம். முன்பு வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்த இங்கிலீஷ் ஆப்பிள்கள் புளிப்பானவை; நமது ஜனங்களின் நாவுக்குப் பிடிக்கவில்லை. ஸ்டோக்ஸ் 1916-இல் அமெரிக்காவிலிருந்து 'ரெட் டெலிஷியஸ்' என்னும் இனிப்பு ஜாதிக் கன்றுகளைத் தருவித்து நட்டார். அண்டை அயலாரையும் நடும்படி தூண்டினார். சுமை தூக்குவதை நிறுத்தினால் மட்டும் குடியானவன் நிமிர்ந்துவிட மாட்டான், தன் காலில் நிற்க அவனுக்கு ஒரு பிழைப்பும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். சுயராஜ்யத்தைப் பற்றிப் பேசுவோர் யாவரும் மனத்தில் இருத்தவேண்டிய விஷயம் இது.

தானேதாரில் அவர் 1937-இல் கட்டிய பரமஜோதி மந்திரத்தின் வாசலில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம். மரத்தில் கீதை, உபநிஷத வாக்கியங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அருகே தோட்டத்தில் முதியவர் ஒருவர் பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பழத்தைத் துடைத்து நம்மிடம் கொடுத்துவிட்டு ஹிந்தியில் சொன்னார்: "ஐயா, என் பாட்டனார் துரைகளுடைய பெட்டியைச் சுமந்தார். நான் என் சொந்தப் பெட்டியை அனுப்புகிறேன். ஆனால் அதன் விலையை மட்டும் இன்றைக்கும் வேறொருவர்தான் சொல்லுகிறார்."

இச்சொல் நம்மை விட்டு அகலவில்லை. வெகுகாலம் பழத்தின் விலை எடைக்கன்றிப் பெட்டிக்கே பேசப்பட்டது. ஆகவே பெட்டியில் அளவுக்கு மேல் அடைக்கும்படி விவசாயி நிர்ப்பந்திக்கப்பட்டான். இதைத் தடுக்க ஹிமாசல சர்க்கார் 2024-இல்தான் ஒரே அளவுப் பெட்டியைக் கட்டாயமாக்கினர். 1990 ஜூலையில் ஆதரவு விலை கேட்டுக் கிளர்ச்சி செய்த விவசாயிகள்மீது போலீஸார் சுட்டு, மூவர் மாண்டது இதே கோட்கரில்தான். சுதந்திரம் கிடைத்து 43 ஆண்டுகளுக்குப் பின்! அமெரிக்க ஆப்பிள்மீது 2019-இல் கூடுதலாக விதித்த 20 சதவீதத் தீர்வை 2023-இல் நீக்கப்பட்டது. ஓர் அமெரிக்கர் அன்பினால் கொணர்ந்த பழம், இன்று அமெரிக்கத்திலிருந்தே வரும் பழத்துடன் போட்டியிட வேண்டியிருக்கிறது.

இவற்றோடு ஆகாயமும் மாறுகிறது. இந்த ஜாதி ஆப்பிளுக்குக் குளிர்காலத்தில் சுமார் ஆயிரம் மணி நேரக் கடுங்குளிர் வேண்டும். பனி குறையக் குறையத் தாழ்ந்த சரிவுகளில் விளைவு குன்றுகிறது. தோட்டங்கள் மேலே மேலே ஏறுகின்றன. மலைக்கும் ஓர் உச்சி உண்டல்லவா?

திரும்பும்போது, 'கில்டா' என்னும் முதுகுக் கூடையில் பழம் சுமந்து ஏறிவரும் நேபாளக் கூலிகளைக் கண்டோம். இவர்கள் கூலி பேசி வந்தவர்கள், பேகார் அல்ல. ஆயினும் அதே சாலை, அதே ஏற்றம், அதே வளைந்த முதுகு. அவர்கள் பேசிய கூலி நியாயமானதா என்று யாராவது கேட்டார்களா?

நமது ஊர்ப் பழக்கடையில் சிவந்து பளபளக்கும் ஆப்பிளை எடுக்கும் அன்பர்கள் அதன் ருசியோடு இச்சாலையையும் நினைக்க வேண்டுகிறோம். பிறர் சுமையை இறக்கிவைத்தது விடுதலையின் முதற்படி. தன் உழைப்பின் விலையைத் தானே சொல்லும் உரிமை இரண்டாம் படி. முதற்படியில் ஏறிய நாம் இரண்டாவதில் இன்னும் கால் வைக்கவில்லை. அதை நினைவுறுத்தவே கோட்கர் மலைச் சாலை நம் கண்முன் நீண்டு கிடக்கிறது.