கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறதா? பதற வேண்டாம்!

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம்.

மகள் பிளஸ்-2 தேறியிருக்கிறாள். பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும். மறுநாள் மாலையோடு கெடு முடிகிறது.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. பல மாதங்களாக மூலையில் கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்துப் போட்டார்கள். விண்ணப்ப இணையதளத்தைத் திறந்தால், "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை வருகிறது. எத்தனை தடவை அழுத்தினாலும் அதே பதில்தான்.

தந்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செல்போனில் "கம்ப்யூட்டர் உதவி" என்று தேடினார். ஒரு நம்பர் கிடைத்தது. மறுமுனையில் ஒரு ஆசாமி இனிக்க இனிக்கப் பேசினான்.

"கவலை வேண்டாம் சார். நான் சொல்லும் செயலியை இறக்குங்கள். அதில் வரும் எண்ணை என்னிடம் சொல்லுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.

எண்ணைச் சொல்லலாமா, கூடாதா?

பதில் சொல்வதற்கு முன், கம்ப்யூட்டருக்கு வரும் நோய்களைப் பார்த்துவிடுவோம்.

நாயனமும் பாட்டும்

நாயனம் கண்ணுக்குத் தெரியும். அதில் பிறக்கும் பாட்டு கைக்கு அகப்படாது. கம்ப்யூட்டரும் அப்படித்தான். பெட்டி, திரை, விசைப்பலகை எல்லாம் நாயனம். உள்ளே இருந்து அவற்றை நடத்தும் கட்டளைகள் பாட்டு. அந்தக் கட்டளைகளைத்தான் "சாப்ட்வேர்" அல்லது "மென்பொருள்" என்கிறோம்.

பாட்டில் சுருதி தப்பினால் நாயனத்தை உடைக்க வேண்டியதில்லை. சாப்ட்வேர் கோளாறு பலவற்றை வீட்டிலேயே சரி செய்துவிடலாம்.

அசையாமல் நின்றுவிட்டால்

திரை அப்படியே நின்றுவிடுகிறதா? முதலில் இரண்டு நிமிடம் பொறுங்கள்.

பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியல் வரும். எது நின்றுவிட்டதோ அதைத் தேர்ந்தெடுத்து, "எண்ட் டாஸ்க்" என்பதை அழுத்துங்கள். அந்த ஒரு வேலை மட்டும் மூடிக்கொள்ளும். அதில் சேமிக்காமல் வைத்திருந்தது மட்டும் போய்விடலாம்.

அடுத்து "ரீஸ்டார்ட்" கொடுங்கள். பலர் "ஷட் டவுன்" கொடுத்து மறுபடி போடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. புதிய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஷட் டவுன் கொடுத்தால், அடுத்த முறை விரைவாகக் கிளம்புவதற்காகப் பழைய நினைவில் ஒரு பகுதியை அது பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளும். கோளாறும் அதோடு தங்கிவிடலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

ஆமை வேகம்

கம்ப்யூட்டர் ஆமை போல நகர்ந்தால், "சி டிரைவ்" நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். குதிரில் நெல் முட்ட நிரம்பினால் கை விட்டு அளக்க முடியாது அல்லவா? அதுபோல இதற்கும் உள்ளே கொஞ்சம் இடம் வேண்டும். "டவுன்லோட்ஸ்" பகுதியில் வேண்டாதவற்றை நீக்குங்கள். குப்பைக் கூடையையும் காலி செய்யுங்கள். கூடையில் கிடப்பதும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

தமிழ் எழுத்து குழம்பினால்

பழைய தமிழ்க் கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறதா? கடிதம் கெட்டுவிடவில்லை. அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துருவைக் கம்ப்யூட்டரில் சேர்த்தால் தமிழ் தெரியும்.

இந்தத் தொல்லை தீரத்தான் "யூனிகோடு" என்னும் ஒருங்குறி வந்தது. 2010-ம் ஆண்டில் தமிழக அரசும் அதை ஏற்றுக்கொண்டது. இனி அடிப்பதை ஒருங்குறியிலேயே அடியுங்கள்.

உலகையே நிறுத்திய கோளாறு

கோளாறு நம் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. 2024 ஜூலை 19 அன்று, பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையான திருத்தத்தால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

எப்படிச் சரி செய்தார்கள்? கம்ப்யூட்டரை "சேப் மோடு" என்ற முறையில் கிளப்பி, பிழையான கோப்பை மட்டும் நீக்கினார்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்தார்கள். சேப் மோடில், மிகவும் அவசியமான கட்டளைகள் மட்டுமே ஓடும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால், அங்கே போகும் வழி திரையில் வரும். புதிதாகச் சேர்த்த ஒன்றால் கம்ப்யூட்டர் கெட்டிருந்தால், அங்கிருந்து அதை நீக்கிவிடலாம்.

பழைய விண்டோஸ்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கணினி வந்தது. ஆனால் பழைய கணினிகள் பலவற்றில் பழைய விண்டோஸ்தான் இருக்கிறது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.

அவை ஓடும். ஆனால் புதிது புதிதாக வரும் திருட்டு வழிகளை அடைக்க ஆள் இல்லை. அவற்றில் பாங்கிக் கணக்கைத் திறக்காமல் இருப்பது நல்லது. "லினக்ஸ்" என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அவற்றைப் பிள்ளைகளின் படிப்புக்குப் பயன்படுத்தலாம்.

சாவியைக் கொடுக்காதீர்கள்

இப்போது அந்த ஆசாமியிடம் வருவோம்.

அவன் இறக்கச் சொன்ன செயலி, உங்கள் திரையை அவனுக்குக் காட்டும் செயலி. எண்ணைச் சொன்னால் வீட்டுச் சாவியைக் கொடுத்ததாகும். அதன் பிறகு உங்கள் போனுக்கு வரும் ரகசிய எண்ணை அவனும் படிப்பான். பாங்கிப் பணம் பறந்துவிடும்.

சில சமயம் திரையிலேயே "வைரஸ்! உடனே போன் செய்யுங்கள்!" என்று சங்கு ஊதும். அதுவும் மோசடிதான். தங்கள் எச்சரிக்கைச் செய்தி எதிலும் போன் நம்பர் இருக்காது என்று விண்டோஸை உருவாக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே மடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

மகள் கண்டுபிடித்தாள்

"அப்பா, போனை வையுங்கள்!" என்றாள் மகள். அவள் பார்த்தது திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தை.

அதில் 2012-ம் ஆண்டு என்று இருந்தது!

கம்ப்யூட்டருக்குள் நாணயம் போன்ற சின்ன பேட்டரி ஒன்று இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும். ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளமும் ஒரு சான்றிதழ் காட்டும். அதில் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தப்பாக இருந்தால், நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும்.

மகள் தேதியைத் திருத்தினாள். இணையதளம் திறந்தது. விண்ணப்பமும் போயிற்று. பேட்டரியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். தேதி சரியாக இருந்தும் அந்த எச்சரிக்கை வந்தால், மேலே போகக் கூடாது. அப்போது எச்சரிக்கை சொல்வது உண்மையாக இருக்கலாம்.

கம்ப்யூட்டர் அடியோடு படுத்துவிட்டால்? சேர்க்கை உதவி மையங்கள் மாவட்டந்தோறும் உண்டு. அங்கே போய் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் அழிந்த போட்டோவை எந்த மையமும் திருப்பித் தராது. ஆகவே மதிப்பெண் பட்டியல், பத்திரம், கல்யாணப் போட்டோ எல்லாவற்றுக்கும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள். அதைப் பீரோவில் வையுங்கள். இந்த வேலையை இன்றைக்கே செய்யுங்கள்!