முதல் கப்பல் இழுவைப் படகாக இருக்கட்டும்

மரத்தில் மாதிரிக் கப்பல் கட்ட ஆசைப்படுகிறவர்களின் கண் முதலில் போவது பாய்மரக் கப்பல்கள் மீதுதான். 104 பீரங்கிகளோடு நிற்கும், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் ‘விக்டரி’ போர்க்கப்பல் படம் போட்ட பெட்டியைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். வாங்கியும் விடுவார்கள். உடல் பாதி எழும்பிய நிலையில் பெட்டி பரணுக்குப் போய்விடும். மூன்று பாய்மரம், நூற்றுக்கணக்கான கயிறு, கப்பி, முடிச்சு என்று அந்தக் கப்பல் கேட்கும் பொறுமை புதியவருக்கு வராது. அவருக்கு ஏற்றது இழுவைப் படகு.

துறைமுகங்களில் பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் கரைக்குக் கொண்டுவரும் குட்டையான, பருத்த படகு அது. பாயும் கிடையாது, கயிற்று வலையும் கிடையாது. ஆனால் வேலை குறைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மாதிரிக் கப்பல் கலையின் உயிர் உடலுக்குப் பலகை போர்த்துவதில் இருக்கிறது. இழுவைப் படகின் முகப்பு உருண்டை, பின்பக்கம் அதைவிட உருண்டை. மரத்தை வளைக்கத் தெரியாமல் இதைக் கட்டவே முடியாது. அலங்காரத்துக்குப் பின்னால் ஒளிய இடம் தராமல், கற்க வேண்டியதை முதலிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

இந்தப் பருமனுக்குக் காரணம் இருக்கிறது. 1803 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் ஃபோர்த்–கிளைட் கால்வாயில், வில்லியம் சிமிங்டன் வடிவமைத்த ‘சார்லட் டண்டாஸ்’ என்ற நீராவிப் படகு, தலா 70 டன் கொண்ட இரண்டு படகுகளை எதிர்க்காற்றில் சுமார் 30 கிலோமீட்டர் இழுத்துச் சென்றது. அது கிளப்பும் அலை கரையை அரித்துவிடும் என்று கால்வாய்க்காரர்கள் பயந்ததால் முயற்சி அத்தோடு நின்றது. ஆனால் யோசனை நிற்கவில்லை. 1838இல், டிராஃபல்கர் போரில் பங்கெடுத்த ‘டெமரேர்’ போர்க்கப்பலை உடைப்பதற்காக இழுத்துச் சென்றவை ‘சாம்சன்’, ‘லண்டன்’ என்ற இரண்டு நீராவி இழுவைப் படகுகள். ஓவியர் டர்னர் தன் புகழ்பெற்ற ஓவியத்தில் ஒன்றை மட்டும் வரைந்தார். பின்னர் துடுப்புச் சக்கரம் போய்ச் சுழல்விசிறி வந்தது. மெதுவாகப் போகும்போது நிறைய இழுக்க வேண்டுமென்றால் விசிறி பெரிதாக இருக்க வேண்டும். பெரிய விசிறிக்கு ஆழமான பின்பகுதி வேண்டும். பக்கவாட்டில் இழுபட்டாலும் சாயாமலிருக்க அகலம் வேண்டும். அந்தப் பருத்த உருவம் இப்படி வந்ததுதான்.

ஸ்பெயினின் ஆர்ட்டெசானியா லத்தினா, டென்மார்க்கின் பில்லிங் போட்ஸ் போன்ற நிறுவனங்கள் இழுவைப் படகு கிட்டுகளை விற்கின்றன. 1:50 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 30 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள படகு மேசையில் 60 சென்டிமீட்டர் நீளம், 16 சென்டிமீட்டர் அகலம் ஆகிறது. எடை மட்டும் 50 மடங்கு குறைவதில்லை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் தனித்தனியே 50 மடங்கு சுருங்குவதால் 1,25,000 மடங்கு குறைகிறது. 400 டன் படகின் மாதிரி 3.2 கிலோ எடை இருந்தால்தான் சரியான நீர்மட்டத்தில் மிதக்கும்.

கிட்டின் அடிப்படை எலும்புக்கூடு. ஏரா எனப்படும் அடிமரத்தில் வெட்டுகள் இருக்கும். அவற்றில் வங்குகள் எனப்படும் குறுக்குச் சட்டங்களைச் செருக வேண்டும். பெரும்பாலும் பிளைவுட்டில் வெட்டி வரும். ஒவ்வொன்றையும் மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக ஒட்டுங்கள். இங்கே ஒரு மில்லிமீட்டர் கோணினால் அது கடைசி வண்ணப்பூச்சு வரை கூடவே வரும்.

வங்குகளின் விளிம்பைச் சரிவாக இழைப்பதைப் பலர் அவசரத்தில் தாண்டிப் போகிறார்கள். முகப்பை நோக்கிப் பலகை சாய்ந்து போகிறது. வங்கின் விளிம்போ செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கிறது. அப்படியே விட்டால் பலகை ஒரு கூர்முனையில் மட்டும் உட்காரும், பசை பிடிக்காது. ஒரு மரக்கீற்றை மூன்று நான்கு வங்குகளின் மேல் படுக்கவைத்து, எல்லாவற்றிலும் முழு அகலத்துக்கும் படியும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனாலும் படகின் உருவம் இங்கேதான் தீர்மானமாகிறது.

அடுத்தது வளைப்பு. முதல் அடுக்குக்கு வரும் கீற்று வழக்கமாக 1.5 மில்லிமீட்டர் கனமும் 5 மில்லிமீட்டர் அகலமும் உள்ள லைம்வுட். கீற்றை வளைத்தால் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் நெரிகிறது. எவ்வளவு நீளும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம்: கனத்தில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். பின்பக்க வளைவின் ஆரம் 30 மில்லிமீட்டர் என்றால் 0.75ஐ 30ஆல் வகுக்க, இரண்டரை விழுக்காடு. காய்ந்த மரம் நார்வாட்டில் சுமார் ஒரு விழுக்காடு நீண்டதும் முறிந்துவிடும். ஆக, 75 மில்லிமீட்டருக்குக் குறைவான ஆரத்தில் இந்தக் கீற்றைக் காய்ந்த நிலையில் வளைக்க முயல்வது வீண்.

இதற்குத் தீர்வு மரத்துக்குள்ளேயே இருக்கிறது. செல்லுலோஸ் இழைகளை லிக்னின் என்ற பொருள் பசைபோலப் பிணைத்திருக்கிறது. ஈரமான மரத்தில் அது ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரி வெப்பத்தில் இளகும். அப்போது இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சற்று வழுக்கும். ஆறியதும் புதிய வடிவத்திலேயே இறுகிவிடும். கீற்றை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுகிறவர்கள் உண்டு. இத்தனை மெல்லிய கீற்றுக்கு இருபது நிமிடம் போதும். தண்ணீர் துணைதான்; வளைப்பது வெப்பம்.

ஊறிய கீற்றைத் துடைத்துவிட்டு, உட்பக்கமாக வரப்போகும் முகத்தைச் சூடான இரும்பின் உருண்டையான விளிம்பில் வைத்து மெல்ல அழுத்துங்கள். உஸ்ஸென்று ஆவி எழும். முதலில் கீற்று எதிர்க்கும். சில நொடிகளில் விரலடியில் அந்த எதிர்ப்பு தளர்வது நன்றாகத் தெரியும். அதுதான் தள்ளவேண்டிய தருணம். சூடு உட்பக்கம் படுவதிலும் பொருள் இருக்கிறது. இளகிய மரம் நீள்வதைவிட நெரிவதைத் தாராளமாகத் தாங்கும். உட்பக்கம் நெரிந்து கொடுத்தால் வெளிப்பக்கத்துக்கு இழுவை குறையும், முறியாது. வளைத்ததை வங்குகளில் கிளிப் போட்டுக் காயவிட்டு, மறுநாள்தான் பசை வைக்க வேண்டும். மரம் நார்க்குறுக்கே சுருங்கும் தன்மையுள்ளது. 5 மில்லிமீட்டர் கீற்று இரண்டு விழுக்காடு சுருங்கினாலும் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி; ஈரத்தோடு ஒட்டிய உடலில் அத்தனை மூட்டிலும் அது பிளந்து தெரியும்.

கீற்று கனத்தின் பக்கம் வளையும், அகலத்தின் பக்கம் வளையாது. அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 2.5 மில்லிமீட்டரை வகுத்தால், 250 மில்லிமீட்டர் ஆரத்திலேயே ஒரு விழுக்காடு வந்துவிடுகிறது. பலவந்தமாகத் திருப்பினால் விளிம்பு செதில்போலத் தூக்கிக்கொள்ளும். ஆகவே திருப்பாமல் இழைக்க வேண்டும். பூசணிக்காயின் வரிகளைப் பாருங்கள்: நடுவில் அகலம், முனைகளில் ஒடுக்கம். கப்பல் பலகையும் அப்படித்தான். நடு வங்கில் மேல்தளத்திலிருந்து ஏரா வரை சுற்றளவு 140 மில்லிமீட்டர் என்றால் ஒரு பக்கத்துக்கு 28 கீற்று. முகப்பில் அதே இடைவெளி 90 மில்லிமீட்டர்தான் என்றால் ஒவ்வொரு கீற்றும் அங்கே 3.2 மில்லிமீட்டராக ஒடுங்க வேண்டும். பாதி அகலத்துக்கும் கீழே இழைக்க நேர்ந்தால் ஒரு வரிசையை நிறுத்திவிட்டு இரண்டை ஒன்றாக்கிவிடுவது நல்லது. பின்பக்கத்தில் இடைவெளி விரிகிற இடங்களில் ஆப்பு வடிவத் துண்டுகளைச் செருக வேண்டும். இடது, வலது பக்கங்களில் மாறி மாறி ஒட்டிக்கொண்டு போங்கள். ஒரே பக்கத்தை முடித்தால் ஏரா அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

புதியவருக்கு இழுவைப் படகு காட்டும் பெரிய கருணை இதற்குப் பிறகு தெரியும். நிஜப் படகின் உடலே வண்ணம் பூசியதுதான்: பெரும்பாலும் கீழே சிவப்பு, மேலே கறுப்பு. எனவே குழி விழுந்த இடத்தில் தயங்காமல் பட்டி பார்க்கலாம், தேய்க்கலாம், மறுபடி பார்க்கலாம். வார்னிஷ் மட்டும் பூசி மரத்தைக் காட்டும் கப்பலில் இந்தச் சலுகை இல்லை.

மேல்தளச் சாமான்களில் விசாரித்துச் செய்ய வேண்டியது இழுகொக்கி. அது படகின் பின்நுனியில் இருக்காது. நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். கயிறு பின்நுனியைப் பிடித்திருந்தால் சுக்கான் எவ்வளவு திருப்பினாலும் படகின் பின்பகுதி அசைய முடியாது, திசை மாறாது. கொக்கிக்குப் பின்னால் தளம் காலியாக இருப்பதும், குறுக்கே வளைந்த சட்டங்கள் நிற்பதும் கயிறு எதிலும் மாட்டாமல் வழுக்கிப் போவதற்காக. இதே அமைப்பில் ஆபத்தும் உண்டு. இழுபடும் கப்பல் முந்திக்கொண்டு கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்தால், படகு சில நொடிகளில் கவிழ்ந்துவிடும். சட்டென்று கயிற்றை விடுவிக்கும் கொக்கி இதற்காகத்தான். மாதிரியிலும் அந்த விடுவிப்புக் கம்பியைச் செய்து வையுங்கள். மாலுமிகளின் உயிர் காத்த பாகம் அது.

மிதக்கவிட நினைத்தால் உட்புறம் முழுக்க எபாக்சி பூச வேண்டும். தொட்டியில் விட்டு, நீர்மட்டக் கோடு நனையும்வரை ஈயக்கட்டிகளை ஏரா ஓரமாக அடுக்குங்கள். பின்பக்கம் சற்று அதிகமாக மூழ்குவது இழுவைப் படகுகளின் இயல்பு. ஓட்டும் வேகத்தையும் அளவோடு வைக்க வேண்டும். 1870களில் இங்கிலாந்தின் டார்க்கியில் சோதனைத் தொட்டி அமைத்து, மாதிரிகளை இழுத்து அளந்த வில்லியம் ஃப்ரூட் காட்டிய விதிப்படி, வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறைய வேண்டும். 50இன் வர்க்கமூலம் சுமார் 7. நிஜப் படகு மணிக்கு 22 கிலோமீட்டர் போனால் மாதிரி சுமார் 3 கிலோமீட்டர் போனால் போதும். அப்போதுதான் முகப்பில் எழும் அலை நிஜம்போல இருக்கும். சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறையிலுள்ள இழுவைத் தொட்டியிலும் இந்த விதியை வைத்துத்தான் கப்பல் மாதிரிகளைச் சோதிக்கிறார்கள். மாதிரி ஏழு மடங்கு விரைவாக ஆடும் என்பதால், வீடியோ எடுக்கும்போது அதே அளவுக்கு மெதுவாக்கினால் பெரிய கப்பலின் கனம் வந்துவிடும்.

கரையேற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கொக்கியில் நூல் கட்டிப் பக்கவாட்டில் மெல்ல இழுங்கள். படகு எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். பிறகு படகின் அறைக்கூரை உயரத்தில் நூலைக் கட்டி அதே விசையில் இழுங்கள். சாய்வு கூடும். நிஜப் படகுகளில் கொக்கியை ஏன் முடிந்தவரை தாழ்வாக வைக்கிறார்கள் என்பது அப்போது விரலுக்கே புரியும்.