பெருக்க இயலாத மூலக்கூறுகளை அளவிடுதல்: மத்தியாஸ் மானின் புரதத்தொகுதியியல் ஆய்வுகள்

ஆய்வுச்சுருக்கம்

உயிரணுவிலுள்ள புரதங்களை ஒட்டுமொத்தமாக இனங்கண்டு அளவிடும் துறை புரதத்தொகுதியியல் ஆகும். இத்துறையை வளர்த்தெடுத்தவர்களுள் ஒருவரான ஜெர்மானிய அறிவியலாளர் மத்தியாஸ் மானின் ஆய்வுகளை, புரதத்தைப் படியெடுத்துப் பெருக்க இயலாது என்னும் அடிப்படைத் தடையை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புரதம், நிறை நிறமாலையியல், மின்தெளிப்பு, சைலாக், திசு ஆய்வு

முன்னுரை

தோல் உயிரணுவும் கல்லீரல் உயிரணுவும் ஒரே மரபணுத்தொகுதியைக் கொண்டவை. எப்புரதங்கள் எவ்வளவு உள்ளன என்பதிலேயே அவை வேறுபடுகின்றன. மருந்துகளுள் பெரும்பாலானவையும் புரதங்களின் மீதே செயல்படுகின்றன. எனினும், மரபணு ஆய்வுக்குக் கிட்டிய வசதி புரத ஆய்வுக்குக் கிட்டவில்லை. மிகச் சிறிதளவு டி.என்.ஏ.வையும் பாலிமரேஸ் தொடர்வினையால் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்கலாம். புரதத்திற்கு அத்தகைய வழி இல்லை. மாதிரியில் இருப்பதைக் கொண்டே ஆராய வேண்டும். 1959-இல் பிறந்த மானின் முப்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட பணி இத்தடையை எதிர்கொண்ட வரலாறாக அமைகிறது.

மின்தெளிப்பு

நிறை நிறமாலைமானி, அயனிகளை அவற்றின் நிறைக்கும் மின்னூட்டத்திற்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு பிரித்தறியும் கருவி. பெரிய புரதங்களைச் சிதைக்காமல் வாயுநிலை அயனிகளாக்குவது நெடுங்காலம் கடினமாக இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபென் இதற்குத் தீர்வு கண்டார். புரதக் கரைசலை உயர் மின்னழுத்தத்தில் நுண்குழல் வழியே தெளித்தால் மின்னூட்டம் பெற்ற துளிகள் உருவாகின்றன. கரைப்பான் ஆவியாகும்போது புரதம் பல மின்னூட்டங்களுடன் எஞ்சுகிறது. இப்பணிக்காக ஃபென் 2002-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கோட்டிங்கனில் இயற்பியலும் கணிதமும் பயின்ற மான், ஃபென்னின் மாணவராக 1988-இல் முனைவர் பட்டம் பெற்றார். மின்தெளிப்பில் ஒரே புரதம் வெவ்வேறு மின்னூட்டங்களுடன் பல உச்சிகளாகப் பதிவாகிறது. அவ்வுச்சிகளிலிருந்து உண்மையான நிறையைக் கணக்கிடும் முறையை மான், மெங், ஃபென் ஆகியோர் 1989-இல் வெளியிட்டனர்.

சிறிதளவிலிருந்து இனங்காணல்

டென்மார்க்கின் ஓடென்சேயில் பணியாற்றிய பின், 1992-இல் ஹைடல்பெர்க்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் மான் தம் குழுவை அமைத்தார். புரதத்தை நொதியால் பெப்டைடுகளாக வெட்டி, ஒரு பெப்டைடில் இரண்டு மூன்று அமினோ அமிலங்களின் வரிசையை அறிந்து, அதன் இருபுறமும் எஞ்சும் பகுதிகளின் நிறையையும் சேர்த்துத் தரவுத்தளத்தில் தேடினால் புரதத்தை இனங்காணலாம் என்று அவரும் மத்தியாஸ் வில்மும் 1994-இல் காட்டினர். சிதைந்த ஏட்டில் எஞ்சிய சில சீர்களையும் முன்னும் பின்னும் விடுபட்ட இடத்தின் அளவையும் கொண்டு பாடலை அடையாளங்காணும் பதிப்பாசிரியரின் பணி இதனை ஒத்தது.

1996-இல் இருவரும் விளக்கிய நானோ மின்தெளிப்பில் கரைசல் நிமிடத்திற்கு ஏறத்தாழ 20 நானோலிட்டர் வேகத்தில் மட்டுமே வெளியேறியது. அவ்வேகத்தில் ஒரு மைக்ரோலிட்டர் கரைசல் ஏறக்குறைய 50 நிமிடங்கள் நீடிக்கும். மாதிரியைப் பெருக்க இயலாத நிலையில், அதனை ஆராயும் நேரம் பெருக்கப்பட்டது.

அளவை ஒப்பிடுதல்

உச்சியின் உயரம் மட்டும் புரதத்தின் அளவைக் காட்டிவிடாது. வெவ்வேறு பெப்டைடுகள் வெவ்வேறு திறனுடன் அயனியாகின்றன. தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தில் மானின் குழு 2002-இல் வெளியிட்ட சைலாக் முறை இதனைக் கடந்தது. ஓர் உயிரணுக் கூட்டம் இயல்பான அமினோ அமிலத்திலும், மற்றொன்று அதன் கன ஐசோடோப்பு வடிவத்திலும் வளர்க்கப்படுகின்றன. பின்னர் இரண்டும் கலக்கப்படுகின்றன. ஒவ்வொரு பெப்டைடும் இணை உச்சிகளாகத் தோன்றும். அவற்றின் விகிதமே அளவு வேறுபாடு. கலந்தபின் நேரும் இழப்பு இரண்டையும் ஒருசேரப் பாதிப்பதால் விகிதம் மாறுவதில்லை.

2005 முதல் மியூனிக் அருகிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தில் பணி தொடர்ந்தது. 2008-இல் அக்குழு ஈஸ்ட்டில் 4,399 புரதங்களை இனங்கண்டு அளவிட்டது. அதே ஆண்டு யூர்கன் காக்ஸும் மானும் மாக்ஸ்குவான்ட் என்னும் கட்டணமற்ற பகுப்பாய்வு மென்பொருளை வெளியிட்டனர்.

திசுவிலிருந்து நோயாளிக்கு

2022-இல் அறிமுகமான ஆழ்காட்சிப் புரதத்தொகுதியியலில், நுண்ணோக்கிப் படத்தில் உயிரணுக்களைச் செயற்கை நுண்ணறிவு இனம்பிரிக்கிறது. வேண்டிய உயிரணுக்களை மட்டும் லேசர் வெட்டியெடுக்கிறது. நிறமாலைமானி அவற்றை ஆராய்கிறது. மருந்து எதிர்வினையால் மேல்தோல் உரிந்து, பாதிக்கப்பட்டோருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் இறக்கும் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ் நோய்க்கு இம்முறை பயன்படுத்தப்பட்டது. பதப்படுத்திய தோல் மாதிரிகளில் இன்டர்ஃபெரான் சமிக்ஞைப் புரதங்கள் மிகுந்திருந்தன. அச்சமிக்ஞையைக் கடத்தும் ஜேனஸ் கைனேஸ் நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் முடக்குவாத மூட்டழற்சிக்கு ஏற்கெனவே வழக்கில் இருந்தன. அவற்றால் சிகிச்சை பெற்ற ஏழு நோயாளிகளும் குணமடைந்தனர் என்று 2024-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.

முடிவுரை

எழுவர் என்பது சிறிய எண்ணிக்கை. விரிவான மருத்துவச் சோதனை இன்றி முடிந்த முடிபாக இதனைக் கொள்ளலாகாது. ஆயினும், தடுக்க வேண்டிய நொதியைச் சுட்டியது சில உயிரணுக்களின் புரத அளவீடே. மின்னூட்டக் கணக்கீடு, நானோ தெளிப்பு, மென்பொருள் ஆகியவற்றுள் எதுவும் வெளியான காலத்தில் இந்நோயைக் கருதி உருவானதன்று. முறையியல் ஆய்வின் பயனை உடனடி விளைவைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது பொருந்தாது என்பதை மானின் பணி உணர்த்துகிறது.